ஐந்து என்றால் என்ன

உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்த அண்ணன், தலையை நிமிர்த்தாமலே, "அஞ்சுன்னா என்னம்மா?" என்று கேட்டான்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். முதலில் விளங்கவில்லை. "எது அஞ்சு?"

"உங்க ஆபீஸ் ஆவணத்துல போட்டிருக்கீங்களே. வண்டியோட நிலைமைன்னு ஒரு இடம். பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அத்தோட முடிஞ்சுது. அஞ்சுன்னா வண்டி வந்துடுச்சா, வராமலே போயிடுச்சா, இல்ல வழியில படுத்துக்கிச்சா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் வாய்விட்டு அவளிடம் எதையும் கேட்டதில்லை. வேலை போய், இருந்த வீட்டைக் காலி செய்து, இரண்டு பெட்டிகளோடு அவள் வீட்டுக்கு வந்த நாளிலும் கேட்கவில்லை. அவளேதான் போய் அழைத்து வந்தாள். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு, வந்த புதிதில் பல நாள் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்தவன் அவன். எப்போதும் அப்படித்தான் குடிப்பான் போலிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். ஒரு நாள் அவளே சர்க்கரை கலந்து கொடுத்த டம்ளரை அவன் வாயில் வைத்ததும் முகம் மாறிய விதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அப்படிப்பட்டவன் இன்றைக்குக் கேட்கிறான். அதுவும் அவள் தொழிலைப் பற்றி.

"தெரியலையேண்ணா," என்றாள்.

"நீதானே அந்தப் பக்கத்தை எழுதுறே?"

"நான்தான்."

அண்ணன் அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டான்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் கணினி வழியாக ஓட்டிக்கொண்டிருந்தது. எந்த வண்டி யார் வீட்டுக்குப் போக வேண்டும், கிளம்பிவிட்டதா, கொண்டு சேர்த்துவிட்டதா என்பதெல்லாம் அவர்களுடைய கணினிக்குத் தெரியும். மருத்துவமனைகளும் சிகிச்சை மையங்களும் தங்கள் கணினிகளிலிருந்து அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எப்படிக் கேட்க வேண்டும், கேட்டால் என்ன பதில் வரும் என்று வெளியாட்களுக்குச் சொல்கிற ஆவணப் பக்கங்கள்தான் அவள் பொறுப்பு. அவற்றில் முக்கால்வாசியைக் கையால் எழுத வேண்டியதில்லை. நிரலிலிருந்து கணினியே எடுத்துப் போட்டுக்கொள்ளும். அவள் மேலும் கீழும் வாக்கியங்களைச் சேர்ப்பாள். நிரலுக்குள் ஒவ்வொரு நிலைமைக்கும் நல்ல பெயர் இருந்தது. வெளியே போகும்போது பெயர் உதிர்ந்து எண் மட்டும் போகும். ஆவணத்திலும் எண் மட்டுமே விழும்.

அண்ணனுக்குப் புதிய வேலை கிடைத்தது ஒரு டயாலிசிஸ் மையத்தில். ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் அவளுடைய நிறுவனத்தின் வண்டிகளில்தான் வந்தார்கள். யார் வந்துகொண்டிருக்கிறார்கள், எந்த நாற்காலி யாருக்கு என்று மையத்தின் கூடத்தில் ஒரு பெரிய திரையில் காட்ட வேண்டும். அதைச் செய்து கொடுக்கத்தான் அவனை எடுத்திருந்தார்கள். தற்காலிகம்தான். திரை ஒழுங்காக ஓடினால் நிரந்தரம் என்று மேலாளர் அம்மாள் சொல்லியிருந்தாள். நாற்பது தாண்டியவனை எடுத்ததே பெரிது என்றும் சொல்லியிருந்தாள்; அவனுக்குக் கேட்கும்படியாகவே.

அவளுடைய நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அண்ணன் ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தான். 'உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது' என்று பதில் வந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் அவள் தன் பிரிவின் தலைவரிடம் போனாள். அவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சைபர் என்பார்கள். நிரல் எழுதுகிறவர்கள் எதையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவார்கள்; அவர் டீ இயந்திரத்தின் முன்னால் வரிசையில் முதலில் நின்றாலும், "நான் பூஜ்யமாவது ஆள்" என்று சொல்லிச் சிரிக்கிறவர். கெட்டவர் இல்லை. எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் ஒரு கலையாக வளர்த்து வைத்திருந்தார்.

"சார், அந்த நிலைமை எண்களுக்கு நேரா பேரையும் காட்டிடலாம். அரை நாள் வேலைதான்."

"பேரை அனுப்ப ஆரம்பிச்சா வாடிக்கையாளருங்க எழுதி வச்சிருக்கற நிரலெல்லாம் உடைஞ்சு கொட்டும் மேடம்."

"அனுப்ப வேண்டாம் சார். எண்ணே போகட்டும். ஆவணத்துல படிக்கிறவங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி, அஞ்சுன்னு போட்டு அதுக்கு எதிர்ல..."

"காட்டினா அது வாக்கு கொடுத்த மாதிரி." சைபர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இன்னைக்கு அஞ்சு இதுன்னு எழுதுவீங்க. நாளைக்கு நாம மாத்த வேண்டி வரும். எழுத்துல இருக்கேன்னு வந்து சட்டையைப் பிடிப்பான். எண்ணை மட்டும் காட்டினா யாரு நம்மள என்ன கேட்க முடியும்?"

"இது என்னன்னு கேட்பாங்க சார்."

"கேட்கட்டும். உதவிப் பிரிவு எதுக்கு இருக்கு?"

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒரு ஆவணம் என்பதே வாக்குத்தானே, வாக்கே கொடுக்காத பக்கத்தை யாருக்காக எழுதுகிறோம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்க நினைத்ததையெல்லாம் வழியிலேயே பேசி முடித்துவிட்டு, ஆள் முன்னால் நிற்கும்போது மௌனமாகிவிடுவது அவள் சுபாவம். மூலையில் யாரோ, "நம்ம எழுத்தாளர் மேடம் கதை எழுதக் கிளம்பிட்டாங்க" என்றார்கள். சிரித்து வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்த நிரலை வைத்திருந்தவன் அவளுக்கு எதிர் மேசைக்காரன். அவனுக்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். பேனாக்களை உயர வரிசையில் அடுக்குவான். அலமாரியில் எல்லோருடைய கோப்பைகளின் காதையும் ஒரே பக்கமாகத் திருப்பி வைப்பான். ஒரு கோப்பை திரும்பியிருந்தால் அவனுக்கு வேலை ஓடாது. அவள் போய் அவன் பின்னால் நின்றாள்.

"அந்த வண்டி நிலைமை இருக்கே, அதை ஒரு தடவை காட்டுங்களேன். ஆவணத்துக்கு."

"ஆவணத்துலதான் எண்ணு மட்டும்னு சார் சொல்லிட்டாரே?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே சுத்தி எழுத முடியும்?"

அவன் காட்டினான். பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக, அவனுடைய பேனாக்களைப் போல நின்றன. கேட்கப்பட்டது, பூஜ்யம். உறுதி செய்யப்பட்டது. கிளம்பியது. வாசலில் காத்திருக்கிறது. வந்து சேர்ந்தது. கடைசியாக, ஐந்துக்கு, ரத்து. அவள் வாய்ப்பாடு மாதிரி மனசுக்குள் சொல்லிக்கொண்டே தன் இடத்துக்கு வந்தாள்.

உள்ளே இருப்பதை வெளியே சொல்வதில்லை என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டிருந்தாள். தங்கள் வாடிக்கையாளரான மையம் ஒன்றில் தன் அண்ணன் இருக்கிறான் என்பதையும் அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது, கொடியின் அந்தப் பக்கம் நின்ற அண்ணனிடம், ஒவ்வொரு துணியாக உருவிக்கொண்டே சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

"அஞ்சு?"

"ரத்து."

"அப்ப அஞ்சு வந்தா அந்த நாற்காலியை அடுத்த ஆளுக்குத் தள்ளிடலாம்," என்றான். பிறகு ஏதோ பெரிதாக வாங்கிக்கொண்டவனைப் போல, "ரொம்ப உதவிம்மா" என்றான். அந்த வார்த்தை அவளுக்கு என்னவோ செய்தது. துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. அண்ணன் காலையில் குளித்துவிட்டுப் பாடினான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "டீயில சர்க்கரை கம்மி" என்றான்.

அவள் கணவன் பேப்பரை மடக்கினான். மரச்சாமான் கடையில் விற்பனைப் பிரிவில் இருப்பவன். நாள் முழுக்க அடுத்தவர்களைச் சிரிக்கவைத்துப் பழகியவன். "பாத்தியா, மச்சானுக்கு வேலை கிடைச்சதும் நாக்கும் நீண்டுடுச்சு."

"மாப்பிள்ளை, நாக்கு முதல்ல இருந்தே நீளம்தான். உள்ள மடிச்சு வச்சிருந்தேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து மேசை நடுவில் வைத்தாள். அதிலிருந்து அந்த டப்பா அங்கேயே இருந்தது.

மையத்துக் கதைகளை அண்ணன் இப்போது சொல்ல ஆரம்பித்திருந்தான். அதிகமும் ஒரு தையற்காரம்மாவைப் பற்றி. வாரத்தில் மூன்று நாள் வருகிறவள், தனி ஆள். போனில் எதையாவது தப்பாக அழுத்திவிட்டு, "தம்பி, இது என்னவோ கேட்குது, நான் ஆமான்னு சொல்லிட்டேன்" என்று அவனிடம் கொண்டுவந்து நீட்டுவாள். திரையைப் பார்த்துத் திட்டுவாள். "உன் பலகையில என் பேரு எப்பப் பாத்தாலும் அடியிலயே கிடக்குதே, நான் என்ன பாவம் பண்ணேன்?" நேர வரிசை என்று அவன் விளக்கினால், "அப்ப நேரத்தை மாத்து" என்பாள். அவனுடைய கால்சட்டை நீளமாகத் தரையில் புரள்வதைப் பார்த்து, "மையத்தைப் பெருக்கறதுக்கு ஆளு இருக்காங்க தம்பி" என்று சொல்லி வாங்கிப்போய் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். வீட்டில் அதைக் காட்டினான். தையல் இருக்கிற இடமே தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் ஒழுங்கு நிரலில் ஒன்றைச் சேர்த்தான். பயணத்தை ரத்து செய்யாமல் வேறு நேரத்துக்குத் தள்ளிவைக்க வசதி வேண்டும் என்று பல மருத்துவமனைகள் கேட்டுக்கொண்டிருந்தன. அவளுடைய பக்கம் தானாகவே மாறிக்கொண்டது. பூஜ்யம் முதல் ஐந்து வரை இருந்தது, பூஜ்யம் முதல் ஆறு வரை என்று ஆயிற்று. மாற்றக் குறிப்பு எழுதுவது அவள் வேலை.

"புதுசா வந்தது என்ன?" என்று எதிர் மேசையைக் கேட்டாள்.

"தள்ளிவைப்பு."

அவ்வளவுதான் பேச்சு. 'நிலைமை எண்களில் புதிதாக ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது' என்று எழுதி வெளியிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான். "புதுசா ஆறுன்னு ஒண்ணு வந்திருக்கே?"

"தள்ளிவைப்பு."

"ஆறுதான் தள்ளிவைப்பா?"

"வேற என்னவா இருக்கும்? ஏழாவதா ஒண்ணு வந்திருக்கு, ஆறுதான்."

அவள் நிரல்காரியைப் போலவே சொன்னதில் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அந்த மாற்றம் ஓட ஆரம்பித்த காலையில் மையத்தின் திரையில் வண்டிகளெல்லாம் அதிசயமாகச் சீக்கிரம் போய்க்கொண்டிருந்தன. இப்போதுதான் கிளம்பிய வண்டி நோயாளியின் வாசலில் நிற்பதாகக் காட்டியது. வாசலில் நின்ற வண்டி வந்து சேர்ந்துவிட்டதாகக் காட்டியது. இன்றைக்குத் தெருவில் நெரிசல் இல்லை போலிருக்கிறது என்று செவிலியர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையாகவே வந்து இறங்கியவர்களின் பெயருக்கு எதிரே ரத்து என்று விழுந்தது. விழுந்த உடனே, யாராவது வராமல் போனால் இடம் கிடைக்கும் என்று கூடத்தில் காத்துக் கிடப்பவர்களில் ஒருவருக்கு அந்த நாற்காலி போயிற்று. அதைத் தானாகவே செய்யும்படி அண்ணன் எழுதியிருந்தான். மேலாளர் அம்மாள் அதைத்தான் பாராட்டியிருந்தாள்.

எடை பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்கள் தங்கள் நாற்காலியில் வேறு ஆள் இருப்பதைக் கண்டார்கள். சத்தம் போட்டார்கள். சத்தம் போட்டவர்களுக்கெல்லாம் எப்படியோ இடம் பிடித்துக் கொடுக்கப்பட்டது. தையற்காரம்மா மட்டும் சத்தம் போடவில்லை. "நீங்க ரத்து பண்ணிட்டீங்களேம்மா" என்று ஒரு செவிலி சொன்னதும், தன் போனைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாளாம். "என்னத்தையாவது அழுத்தித் தொலைச்சிருப்பேன்" என்றாளாம். தன் தப்புக்கு யாரைத் தொந்தரவு செய்வது என்று வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவளைக் கேட்டு யாரும் போன் செய்யவில்லை. திரையில் அவளுக்கு ரத்து என்றுதானே இருந்தது.

மறுநாள் மூச்சு விட முடியாமல் தவித்தவளை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உடம்பில் தேங்கிய நீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டிருந்தது.

அண்ணன் அவள் அலுவலகத்துக்குப் போன் செய்தான். வேலை நேரத்தில் அவன் கூப்பிட்டதே இல்லை. நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அஞ்சுன்னா என்னம்மா?"

அதே கேள்வி. ஆனால் குரல் வேறாக இருந்தது.

"ரத்துண்ணா. அப்பவே சொன்னேனே."

"இல்ல," என்றான். யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போகும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னான். குற்றம் சொல்லும் தொனி அதில் எங்கேயும் இல்லை.

போனை வைத்துவிட்டு அவள் ஒழுங்கின் பின்னால் போய் நின்றாள்.

"தள்ளிவைப்பை எங்க சேர்த்தீங்க?"

"உறுதிக்குக் கீழ. ஏன்?"

"கடைசியில இல்லையா?"

"கடைசியிலயா?" அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "ரத்துக்கு அப்புறம் தள்ளிவைப்பா? உறுதி ஆன பயணத்தைத்தானே தள்ளிவைக்க முடியும்? ரத்தான பிறகு என்னத்தைத் தள்ளி வைக்கிறது? படிக்கிறதுக்கே நல்லா இருக்காதே மேடம்."

"எண்ணு?"

"எண்ணை நான் போடறதில்லை. மேல இருந்து எண்ணிக் கணினியே போட்டுக்கும்."

"அப்ப அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் ஒவ்வொண்ணா நகர்ந்திருக்குமே."

அவன் வாயைத் திறந்தான். முகத்தில் ஈயாடவில்லை. திரையில் தன் அழகான வரிசையைப் பார்த்தான். கேட்கப்பட்டது, உறுதி, தள்ளிவைப்பு, கிளம்பியது, காத்திருக்கிறது, வந்து சேர்ந்தது, ரத்து. ஐந்தில் இருந்த ரத்து ஆறுக்குப் போய்விட்டது. ஐந்துக்கு இப்போது வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் பேரைத்தானே பாக்கறாங்க," என்றான் கடைசியில். "இங்க எதுவும் உடையலையே. எண்ணை யாரு பாக்கிறா?"

எண்ணைப் பார்க்கிறவர்கள் வெளியே இருந்தார்கள். அவர்களுக்கு அது ஒன்றைத்தான் காட்டியிருந்தார்கள்.

இரண்டு நிறுவனங்களும் காணொளியில் கூடிப் பேசின. அதற்குள் தையற்காரம்மா பிழைத்துக்கொண்டாள் என்று தெரிந்திருந்தது. ஆனால் நடுவில் கொஞ்ச நேரம் இதயம் நின்றிருந்தது. வலது கை சரியாக எழும்பவில்லை என்றார்கள். அண்ணன் மையத்தின் படக் கட்டத்துக்குள் ஓரமாக உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் சைபர், ஒழுங்கு, அவள். அவளுடைய ஒலிவாங்கி அணைந்திருந்தது. அதன் படத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு. யாரும் அவளை அறிமுகப்படுத்தவில்லை. அண்ணனும் அவளும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி இருந்தார்கள்.

சைபர் அவளுடைய பக்கத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"நடந்தது வருத்தமான விஷயம்தாங்க. ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அஞ்சுன்னா ரத்துன்னு எங்க ஆவணத்துல எங்கயாவது போட்டிருக்கா?"

மேலாளர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "எண்ணுதான் இருக்கு."

"எங்க உதவிப் பிரிவு அப்படி எழுதிக் கொடுத்திருக்கா?"

"இல்ல."

"அப்ப அது எங்க இருந்து வந்தது?"

மேலாளர் அம்மாள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "எங்க இருந்துங்க?"

அண்ணன் பார்வை திரையில் எங்கேயோ பட்டது. தன்னைத்தான் பார்க்கிறானா, அல்லது அந்த எண்களைப் பார்க்கிறானா என்று அவளால் நிச்சயிக்க முடியவில்லை. அவள் விரல் ஒலிவாங்கியின் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தினால் போதும். நான்தான் சொன்னேன், அவர் என் அண்ணன், வரிசையை நடுவில் மாற்றியது நாங்கள். மூன்று வாக்கியம். நாள் முழுக்க வாக்கியம் எழுதிப் பிழைக்கிறவளுக்கு மூன்று வாக்கியம் ஒரு பொருட்டா?

பின்னாளில் அவள் தனக்குள் பல காரணங்கள் சொல்லிக்கொண்டாள். வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் போகிறது. இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனால் என்ன ஆவது. அவன் எப்படியும் தற்காலிகம்தானே. எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டவை. அந்த நிமிஷத்தில் அவளிடம் ஒரு காரணமும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

"நானே கணிச்சேன்," என்றான் அண்ணன். "ஓடற வண்டிகளைப் பாத்து, எது எப்ப மாறுதுன்னு பாத்து, நானே போட்டுக்கிட்டேன்."

"கணிச்சீங்களா?" மேலாளர் அம்மாள் குரல் உயரவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "டயாலிசிஸ் நாற்காலியைக் கணிச்சா கொடுத்தீங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. கூட்டம் முடிந்து, கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் தன் முகம் மட்டும் திரையில் மிஞ்சும்வரை இருந்தது.

மற்றவர்கள் போன பிறகு சைபர் கதவைச் சாத்தினார்.

"அவர் உங்க அண்ணனா?"

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"சாடை அப்படியே இருக்கே மேடம். மூக்கு ஒண்ணு போதும்." இரக்கத்தோடுதான் சொன்னார். "அவர் என்ன சொன்னாரோ அதையே குறிப்புல போட்டுட்டேன். நல்ல மனுஷன். அவர் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நீங்க போய் வேற ஒண்ணு சொன்னா அவரைப் பொய்யர் ஆக்கின மாதிரி ஆயிடும், பாருங்க."

எவ்வளவு அழகாக அடுக்கிவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. ஒழுங்கு தோற்றான்.

"அப்புறம், அந்தப் பேர் காட்டற வேலை. அதை நாளைக்கே செஞ்சிடுங்க."

"வாக்கு கொடுத்த மாதிரி ஆயிடுமே சார்."

அவள் அவரிடம் எதிர்த்துச் சொன்ன ஒரே வாக்கியம் அது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அரை நாள் வேலை என்று சொல்லியிருந்தாள். அவ்வளவுகூட ஆகவில்லை. ஒழுங்கு தள்ளிவைப்பை நடுவிலிருந்து எடுத்துக் கடைசியில் போட்டுவிட்டான். போட்டுவிட்டு அன்று முழுவதும் அந்த வரிசையை நேராகப் பார்க்க முடியாமல் தவித்தான். அவள் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பெயரையும், பெயருக்குக் கீழே ஒரு வரி விளக்கத்தையும் வரவழைத்தாள். ஐந்து: ரத்து. பயணம் நடக்காது; நோயாளி வண்டியில் ஏறவில்லை. ஆறு: தள்ளிவைப்பு. கண்ணுக்கு இதமாக, இடைவெளி விட்டு, குழந்தைகூடப் படிக்கும்படி இருந்தது. வேறொரு மருத்துவமனையிலிருந்து பாராட்டி எழுதியிருந்தார்கள். சைபர் அதை எல்லோருக்கும் அனுப்பிவைத்தார்.

அண்ணனை மையத்தில் அந்த வாரத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் மேசையில் இருந்தார்கள். அவள் கணவனுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் வீட்டில் சொன்னதுதான். கலகலப்பாக்கத்தான் பார்த்தான், பாவம்.

"இருந்தாலும் மச்சான், தெரியலைன்னா யாரையாவது கேட்டிருக்கலாம்ல? இதோ, உங்க தங்கச்சியே அந்த ஆபீஸ்லதானே இருக்கா. பக்கத்துல ஆளை வச்சுக்கிட்டு யாராவது கணிப்பாங்களா?"

"கேட்டிருக்கலாம் மாப்பிள்ளை," என்றான் அண்ணன். "தோணலை."

"ஜோசியம் பாக்கறவன்கூட ரெண்டு தடவை கட்டத்தைப் பாப்பான்!"

அண்ணன் சிரித்தான். நன்றாகவே சிரித்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே திரை இல்லை, ஒலிவாங்கி இல்லை, சிவப்புக் கோடு இல்லை. கேட்பவன் அவள் புருஷன். இங்கேயாவது சொல்லிவிடலாம். அவள் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். பேச்சு எங்கேயோ திரும்பிப் போய்விட்டது.

கணவன் எழுந்து போனதும் அண்ணன், "அந்தப் பக்கத்தை மாத்திட்டீங்களாமே, காட்டு" என்றான். போனில் திறந்து கொடுத்தாள். விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளிப் படித்தான். ஐந்தில் கொஞ்சம் நின்றான். ஆறில் கொஞ்சம் நின்றான்.

"நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு," என்றான்.

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இல்லை. இருந்திருந்தால் தேவலாம்.

"நல்லாப் புரியுது. இனிமே யாரும் யாரையும் கேட்க வேண்டாம்." போனைத் திருப்பிக் கொடுத்தான். கால்சட்டையின் மடித்துத் தைத்த விளிம்பை ஒருதரம் தடவிவிட்டுக்கொண்டான். தையற்காரம்மாவை அவன் மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்திருந்தான்; அதைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

டீ போட்டு, அவனுடைய டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். சர்க்கரை டப்பா வழக்கம்போல மேசை நடுவில் இருந்தது. இன்றைக்கு அவள் டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாள். தன் டம்ளரை வாயில் வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

கை நீட்டினால் எட்டும் தூரம். அண்ணன் நீட்டவில்லை. கேட்கவும் இல்லை. முகம் மாறாமல், ஒவ்வொரு வாயாக, முழுவதையும் குடித்து முடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனான்.

அவள் டப்பாவை எடுத்து, பழைய இடத்தில், அலமாரிக்குள் வைத்தாள்.